படத்தில் வராத எலும்பு

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவன் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்க மாட்டான். கண்ணுக்கு எல்லா மிளகும் கறுப்புதான். சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டிப் பார்க்க வேண்டும். எது ஈரம், எது பொக்கு, எதில் பப்பாளி விதை கலந்திருக்கிறது என்று கை சொல்லிவிடும். முப்பிடாதியின் கை அப்படிச் சொல்லும் கை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் ரயிலேறி வந்தவன், பன்னிரண்டு வருஷமாக ஒரு குஜராத்தி சேட்டின் பண்டகசாலையில் மிளகு சலித்து, சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான். அவன் கை பொக்கு என்று சொன்ன மூட்டையை சேட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். இந்த உலகத்தில் அவன் சொல்லுக்கு மறுசொல் இல்லாத இடம் அது ஒன்றுதான். வீட்டில் சீனியம்மாள் இருந்தாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஜூன் மாசத்து இடவப்பாதி மழையில் அவர்களுக்குப் பாக்கியலக்ஷ்மி பிறந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள் என்பதால் பெயரை நீளமாகவே வைத்தார்கள். பிறந்த மறுநாள், பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் கமலாக்ஷி குழந்தையைத் துடைத்துத் துணி மாற்றும்போது, இரண்டு முழங்காலையும் மடக்கி மெதுவாக வெளிப்பக்கம் விரித்தாள். விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். திரும்ப மடக்கினாள், திரும்ப விரித்தாள். பிறகு வராந்தாவில் நின்ற முப்பிடாதியைக் கூப்பிட்டு, அவன் நடுவிரலைப் பிடித்துக் குழந்தையின் இடது தொடை மேல் முனையில் வைத்து, காலை அசைத்தாள். விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று நழுவி வெளியே போய், 'களுக்' என்று உள்ளே வந்து உட்கார்ந்தது.

முப்பிடாதிக்கு ஐம்பது மூட்டைக்கு நடுவே ஒரு பொக்கு மூட்டையைத் தொட்டது போல இருந்தது.

"தெரிஞ்சோ?" என்றாள் கமலாக்ஷி. "தொடையோட தலை, குழியில இருக்காம வழுக்குது. பயப்படண்டா. இப்போ பிடிச்சா ஒரு பெல்ட் மதி, அது போதும். தவளை மாதிரி காலை அகட்டி வச்சு மூணு மாசம் கட்டினா தானே சரியாகும். ஆறு மாசத்துக்குள்ள கட்டணும். அது கழிஞ்சா மாவுக்கட்டு. நடக்கத் தொடங்கிட்டா பின்னே கத்திதான்."

பெல்ட்டு எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும்தான் கிடைக்கும் என்று ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தாள். அதுவரை குழந்தையின் தொடைகளுக்கு நடுவே துணியை நாலாக மடித்துக் கெட்டியாக வைக்கச் சொன்னாள். முப்பிடாதி கணக்குப் போட்டுப் பார்த்தான். குழந்தைக்கு வயது இரண்டு நாள். கெடு ஆறு மாசம். எர்ணாகுளம் படகில் இருபது நிமிஷம். உலகத்தில் இவ்வளவு சௌகரியமான வியாதி வேறு இருக்க முடியாது என்று தோன்றியது.

பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரின் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதற்குள்ளே, வெள்ளைப் பருத்தித் துணியில் இரண்டு சின்னத் தோள்வாரும் இரண்டு சின்னக் கால்வாரும் கொக்கியுமாக, அந்த பெல்ட்டு தொங்கியது. சீனியம்மாள் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எலும்பு டாக்டர் நல்ல மனிதர். கடுதாசியைப் படித்துவிட்டுக் குழந்தையின் காலைத் தொடாமலே, எக்ஸ்ரே படம் எங்கே என்று கேட்டார். நர்ஸ் விரலால் கண்டுபிடித்தது என்று முப்பிடாதி சொன்னான். டாக்டர் அவனைக் குழந்தையைப் பார்ப்பது போலக் கனிவாகப் பார்த்தார். அலமாரிச் சாவி தம்மிடம்தான் இருக்கிறது என்றும், ஆனால் படத்துறையின் அறிக்கை இல்லாமல் அதைத் திறந்தால் தம் மேல் விசாரணை வரும் என்றும் சொல்லி, ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

படத்துறை தனிக் கட்டடம். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். மூன்றரை வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி வந்த எக்ஸ்ரே யந்திரத்துக்குச் சந்தனப் பொட்டும், தினமும் காலையில் ஒரு முழம் செத்திப்பூ மாலையும் உண்டு. அதற்கு எதிரே நோயாளிகள் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. அங்கே கடைநிலை ஊழியனாக இருந்த ராமர், கோவில்பட்டிக்காரன். முப்பிடாதியின் தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்து, அண்ணாச்சி என்று கூப்பிட்டு, முதலில் பாரத்தைப் பூர்த்தி செய்வோம் என்றான்.

பாரத்தில் நோயாளியின் தொழில் என்ன என்று கேட்டிருந்தது. பால் குடிப்பது என்றாள் சீனியம்மாள். ராமர் யோசித்துவிட்டு, உணவுத்துறை என்று எழுதினான். நோயாளி தானாக நடந்து வந்தாரா, தாங்கலாக வந்தாரா என்பதற்கு, தாங்கலாக என்று எழுதினான். கடைசியில் ஓர் உறுதிமொழி: படம் எடுக்கும்போது அசையமாட்டேன், அசைந்தால் அதன் விளைவுகளுக்கு நானே பொறுப்பு. அதில் நோயாளியே கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும். இருபத்து நாலு நாள் பெண்ணின் கட்டைவிரலில் மையைத் தடவினார்கள். அவள் விரலை நேராக வாயில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது பாரத்தில்தான் ரேகை விழுந்தது. அதற்குள் அவள் உதடு நாவல்பழம் தின்றது போல ஆகிவிட்டது.

உறுதிமொழியை அவள் காப்பாற்றவில்லை. குளிர்ந்த தகட்டின் மேல் படுக்க வைத்ததும் உடம்பையெல்லாம் ஆட்டிக் கத்தினாள். கழுவி எடுத்த படத்தில் மூன்று கால்கள் தெரிந்தன. இரண்டாவது படத்தில் கால்களே இல்லை. சீனியம்மாளின் வளையல்கள் மட்டும் மிகத் தெளிவாக விழுந்திருந்தன.

அப்போதுதான் துறைத் தலைவர் டாக்டர் சிவராமகிருஷ்ணன் வெளியே வந்தார். பாலக்காட்டுக்காரர், சீமையில் படித்தவர். பாழான இரண்டு படங்களையும் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது, சவத்தைப் பார்க்கிற துக்கம் அவர் முகத்தில் இருந்தது. நர்ஸ் கடுதாசியைக் காட்டினார்கள். அவர் அதைப் படிக்காமலே மடித்தார்.

"விரலா? பாரு, விரல் பொய் சொல்லும். காது பொய் சொல்லும். தாயார் சொல்றதுல பாதி பொய், பாக்கி பயம். படம் மாத்ரம் பொய் சொல்லாது, கேட்டியோ. இந்த ஆஸ்பத்திரியில நான் வர்றதுக்கு முன்னாடி டாக்டர்மாரெல்லாம் நோயாளியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துண்டிருந்தா. நான் வந்துதான் நிறுத்தினேன்."

பிறகு அச்சடித்த ஒரு தாளை நீட்டினார். அசையாமைப் பயிற்சி என்று அதற்குப் பெயர். குழந்தையின் இரண்டு காலையும் நேராக நீட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை துணியால் இறுகச் சுற்ற வேண்டும். ஆறு வாரம் அப்படிப் பழகிவிட்டால் படத்துக்கு முன்னால் கட்டை மாதிரி கிடக்கும். இதுவரை நூற்றுப் பதினான்கு குழந்தைகள் தேறியிருப்பதாகவும், அடுத்த மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரை படிக்கப்போவதாகவும் சொன்னார்.

திரும்பும் படகில் சீனியம்மாள், ஜெட்டி நெருங்கும்போது, "அந்தச் சிஸ்டரு அகட்டி வைங்கறா, இவரு சேத்துக் கட்டுங்காரு. புள்ளைக்கு இருக்கது ரெண்டே காலு. ஆளுக்கொரு காலுன்னு பிரிச்சுக் குடுத்திருவோமா?" என்றாள்.

கமலாக்ஷி அந்தத் தாளைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். சேர்த்துக் கட்டினால் இருக்கிற குழியும் மூடிப்போகும், கட்டாதே என்று சொன்னாள். முப்பிடாதிக்குத் தன் விரல் கமலாக்ஷி பக்கம் என்று தெரிந்தது. ஆனால் பெல்ட்டு டாக்டர் பக்கம் இருந்தது. கட்டினால்தான் படம், படம் இருந்தால்தான் பெல்ட்டு. ஒரு சந்து வழியாக மட்டும் போக முடிகிற ஊரில் அந்தச் சந்தில் நாய் இருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. சாக்குத் தைக்கிற கை, மகளின் காலை அளவெடுத்தது போலச் சுற்றிக் கட்டியது. முதல் வாரம் அவள் அழுதாள். மூன்றாவது வாரம் அழுகையை விட்டுவிட்டாள். அதுதான் முப்பிடாதியை என்னவோ செய்தது.

இரண்டரை மாசத்தில் எடுத்த படம் அற்புதமாக வந்தது. பாக்கியலக்ஷ்மி கட்டை மாதிரியே கிடந்தாள். டாக்டர் சிவராமகிருஷ்ணன் அவள் கன்னத்தை ஒரு விரலால் தட்டி, நூற்றுப் பதினைந்து என்றார். ஆனால் படத்தில் ஒன்று குறைந்தது. இடுப்புக்குழி தெரிந்தது, தொடைத்தண்டு தெரிந்தது. நடுவில், தொடையின் தலை இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு பக்கமும் வெறும் இருட்டு. அந்த வயதில் அது இன்னும் குருத்தாக இருக்கும், எலும்பாகி இருக்காது, குருத்து படத்தில் விழாது என்று ராமருக்குக்கூடத் தெரிந்திருந்தது. டாக்டருக்கும் தெரியும். ஆனால் அறிக்கை என்பது அறிவைப் பற்றியதல்ல, படத்தைப் பற்றியது. அவர் எழுதினார்: தொடையின் தலை காணப்படவில்லை. ஆகவே மூட்டு காணப்படவில்லை. இல்லாத மூட்டு நழுவ இயலாது. நோய் இல்லை.

எலும்பு டாக்டர் அதைப் படித்துவிட்டு மிகவும் வருத்தப்பட்டார். இல்லாத மூட்டுக்கு இருக்கிற பெல்ட்டை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். அலமாரிக் கதவை, துடைப்பது போல, ஒருமுறை தடவினார்.

முப்பிடாதி திரும்ப ஓடி வந்து, எலும்பு எப்போது படத்தில் வரும் என்று கேட்டான். நாலு மாசத்திலிருந்து ஆறு மாசத்துக்குள், சிலதுக்கு ஏழும் ஆகும் என்றார் டாக்டர் சிவராமகிருஷ்ணன். பெல்ட்டு ஆறு மாசத்துக்குள் கட்ட வேண்டுமே என்றான் முப்பிடாதி.

"பெல்ட்டு எலும்பு டிபார்ட்மென்டு. அதைப் பத்தி நான் எந்துக்குப் பறயணும்? எனக்கு நிறைய வேலை கிடக்கு. எலும்பு வரட்டும், நீ வா. எலும்பு வராம நீ வந்தா என் பிலிம் பாழ்."

அன்று ராமர் அவனைக் கான்டீனுக்குக் கூட்டிப்போய் ஒரு சாயா வாங்கிக் கொடுத்தான். சாயாவை ஆற்றிக்கொண்டே முப்பிடாதி மேஜைமேல் விரலால் ஏதோ கோடு போட்டான். தோள்வார் இரண்டு, கால்வார் இரண்டு, குறுக்கே ஒன்று. கண்ணாடி அலமாரியில் பார்த்ததுதான். சாக்குத் தைக்கிறவனுக்கு ஒரு பொருள் எப்படித் தைத்திருக்கிறது என்று பார்க்க அதைத் தொட வேண்டியதில்லை.

வீட்டில் மைதாமாவுச் சாக்கை மூன்று தண்ணீரில் துவைத்து, மெத்தென்று ஆனதும் வெட்டித் தைத்தான். கொக்கிக்குப் பதில் சட்டைப் பொத்தான். முதுகுப் பக்கத்தில் மாவு மில்லின் யானைச் சின்னம் வந்துவிட்டது. அதை மட்டும் மறைக்க முடியவில்லை. கமலாக்ஷி ட்யூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து, எங்கே தளர்த்த வேண்டும், எங்கே இறுக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து மாட்டினாள். அதிகம் அகட்டினால் எலும்புக்கு ரத்தம் போகாது என்று எச்சரித்தாள். வாரம் ஒருமுறை வந்து விரல் வைத்துப் பார்த்தாள். பாக்கியலக்ஷ்மி வெட்டிவைத்த தவளை மாதிரி கிடந்து, கூரை ஓட்டைப் பார்த்துச் சிரித்தாள். எட்டாவது வாரம் கமலாக்ஷி முப்பிடாதியின் விரலை மறுபடி பிடித்து வைத்தாள். காலை மடக்கி விரித்தாள். ஒன்றும் நழுவவில்லை. இன்னும் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது, ஒரு மாசமோ ஒன்றரை மாசமோ விடாமல் போட்டால் உறுதியாகிவிடும் என்றாள். அன்றைக்கு முப்பிடாதி பண்டகசாலையில் தப்பித்தவறி ஒரு பொக்கு மூட்டையை நல்ல மூட்டை என்று சொல்லிவிட்டான்.

அவன் செய்த பெரிய தப்பு அது அல்ல. நவம்பரில் படத்துறையிலிருந்து, குறித்த தேதியில் வரச் சொல்லி அட்டை வந்தது. போகாமல் இருந்திருக்கலாம். போனான். சர்க்கார் கூப்பிட்டு ஒரு தமிழன் போகாமல் இருந்தால், இருக்கிற ரேஷன் கார்டையும் பிடுங்கிவிடுவார்கள் என்று அவனுக்கு ஒரு பயம். அதோடு, சரியாகிவருகிற காலைப் படம் எடுத்துப் பார்த்தால் டாக்டர் சந்தோஷப்படுவார் என்றும் நினைத்தான். துணியை விலக்கிய ராமர், யானைச் சின்னத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, கெடுத்தியளே" என்று முணுமுணுத்தான். அதற்குள் டாக்டர் வந்துவிட்டார்.

அவர் கோபப்படவில்லை. பெல்ட்டை இரண்டு விரலால் தூக்கி, யானையைப் பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நிரூபணம் ஆகாத நோய்க்கு நீ சிகிச்சை பண்ணியிருக்கே. எனக்கு அதுல என்ன சங்கடம் தெரியுமோ? இது குணமாயிடுத்துன்னு வை. அப்போ நோய் இருந்ததுன்னு எதை வச்சு நிரூபிப்பே? நோயும் இல்லே, படமும் இல்லே. வெறும் குழந்தை மாத்ரம் பாக்கி. எலும்புக்கு ரத்தம் நின்னு போச்சுன்னா ஆருக்குக் குத்தம்? உனக்கா, யானைக்கா?"

கடைசிக் கேள்விக்கு முப்பிடாதி பயந்துவிட்டான். கமலாக்ஷியும் அதைத்தானே சொன்னாள். அவர் நீட்டிய ஒரு தாளில் அவன் கையெழுத்துப் போட்டான். அறிக்கை வரும்வரை எந்தச் சிகிச்சையும் செய்யமாட்டேன், நோயை உள்ளது உள்ளபடி பாதுகாப்பேன், பயிற்சித் தாளில் கண்டபடி கால்களைச் சேர்த்துக் கட்டுவேன் என்று அதில் இருந்தது. சாக்குப் பெல்ட்டைச் சீல் வைத்துப் படத்துறை அலமாரியில் பூட்டினார்கள். கமலாக்ஷி விரலால் நோய் கண்டுபிடித்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ போயிற்று. பதினைந்து நாளில் அவளை மலைக்கு மேலே, தேயிலைத் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சரிக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அன்று குழந்தையைப் பார்க்க வந்தாள். கட்டிவைத்த காலைப் பார்த்தாள். அவிழ்க்கச் சொல்லவும் இல்லை, கட்டச் சொல்லவும் இல்லை. குழந்தையின் உள்ளங்காலில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் படத்தில் எலும்பு வந்துவிட்டது. வலது தொடைக்குத் தலையாக, துவரம்பருப்பு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. இடதுபக்கம் அதைவிடச் சின்னதாக, கொஞ்சம் வெளியே தள்ளி இன்னொன்று. இனி அறிக்கை எழுதுவதுதான் பாக்கி. ஆனால் பழைய அறிக்கையை எடுத்து ஒட்டும்போது டாக்டருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. ஆகஸ்டில் வந்த பாக்கியலக்ஷ்மிக்கு எலும்பு இல்லை. நவம்பரில் வந்த பாக்கியலக்ஷ்மிக்கு எலும்பு இருக்கிறது. படம் பொய் சொல்லாது. ஆகவே இது வேறு குழந்தையாக இருக்க வேண்டும்.

குழந்தை வளர்ந்திருக்கிறது என்று சீனியம்மாள் சொல்லிப் பார்த்தாள். வளர்ச்சி என்பது அனுமானம் என்றார் அவர். மூன்று பேர் கொண்ட ஒரு குழு அமைக்கப்பட்டது. எலும்பில்லாத பாக்கியலக்ஷ்மியும் எலும்புள்ள பாக்கியலக்ஷ்மியும் ஒருவரே என்று சான்றிதழ் வாங்கிவரும்படி குழு கேட்டது. வில்லேஜ் ஆபீசர் அப்படிப்பட்ட சான்றிதழ் தம்மிடம் இல்லை என்றும், உயிரோடு இருப்பதற்கான சான்றிதழ் வேண்டுமானால் தருவதாகவும் சொன்னார். வார்டு கவுன்சிலர் இரண்டு பேருக்கும் தனித்தனியாக நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்தார். கடைசியில் ராமர்தான் வழி சொன்னான். முதல் தடவை வந்தபோது பாரத்தில் வைத்த மை ரேகை இருந்தது. புது ரேகையை எடுத்து ஒப்பிட, படத்துறை விரல்ரேகை நிபுணருக்கு எழுதியது. நிபுணர் கிறிஸ்துமஸுக்குக் கோட்டயம் போயிருந்தார்.

அறிக்கை கைக்கு வந்தபோது குழந்தைக்கு ஏழு மாசமும் ஒன்பது நாளும். இடது இடுப்பு மூட்டு நிலையற்றது என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. மட்டாஞ்சேரிப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இரண்டாவது நாளே சொன்ன வாக்கியம். எலும்பு டாக்டர் அறிக்கையைப் படித்து, மிகுந்த சந்தோஷத்தோடு எழுந்து, சாவியைப் போட்டு அலமாரியைத் திறந்தார். பெல்ட்டை எடுத்துப் பாக்கியலக்ஷ்மியின் மேல் வைத்துப் பார்த்தார். தோள்வார் தோளை எட்டவில்லை. அவள் அதன் கொக்கியைப் பிடித்துக் கடித்தாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்ப அலமாரியில் மாட்டினார். இனி மாவுக்கட்டுதான், மாவுக்கட்டு வார்டில் பெயர் பதிந்துவிடுவோம், கட்டில் ஒழிந்ததும் அட்டை வரும் என்றார்.

அட்டைக்காக முப்பிடாதி தினம் தபால்காரர் வரும் நேரத்துக்குப் பண்டகசாலை வாசலில் வந்து நின்றான். மாசத்துக்கு இரண்டு தரம் படகேறிப் போய்க் கேட்டான். கோடை போயிற்று, மழை போயிற்று, ஓணம் போயிற்று. ஒரு நாள் முற்பகல், கிணற்றடியில் சீனியம்மாள் துணி அலசிக்கொண்டிருந்தபோது, பாக்கியலக்ஷ்மி சுவரைப் பிடித்து எழுந்து, சுவரை விட்டு, நாலு அடி வைத்தாள். ஒவ்வொரு அடிக்கும் இடதுபக்கமாகச் சாய்ந்து, படகு அலையில் ஏறி இறங்குவது போல வந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிக் கைதட்டினார்கள். என்ன அழகு, அன்ன நடை, என்றாள் ஒருத்தி. சீனியம்மாள் அலசிய துணியை எடுத்து மறுபடியும் அலசினாள்.

ஜனவரியில் அட்டை வந்தது. மாவுக்கட்டு வார்டிலிருந்து இல்லை, படத்துறையிலிருந்து. பாக்கியலக்ஷ்மியை நடக்கும் நிலையில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று வரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் படம் யாரும் எதிர்பாராத அளவுக்குச் சிறப்பாக அமைந்தது. தொடையின் தலை குழியை விட்டு முழுவதுமாக வெளியேறி, இடுப்பெலும்பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. டாக்டர் சிவராமகிருஷ்ணன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றார். சீமையில்கூட இப்படி ஒரு படம் பார்த்ததில்லை என்றார். முப்பிடாதியின் தோளில் கைவைத்து, உன் மகள் அதிருஷ்டசாலி என்றார்.

இரண்டு வாரத்தில் மறுபடி ஓர் அழைப்பு, அச்சடித்த கார்டாக. ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிட்டது என்று முப்பிடாதி நினைத்தான். சீனியம்மாள் மாற்றுத்துணி, பால்புட்டி, ஒரு போர்வை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டாள். வாசலில் தோரணம் கட்டியிருந்ததைப் பார்த்துத்தான் விசாரித்தார்கள். எக்ஸ்ரே யந்திரம் வந்து ஐந்து வருஷம் நிறைகிறதாம்.

முப்பிடாதி ராமரைத் தனியே இழுத்து, ஆபரேஷன் எப்போது என்று கேட்டான். ராமர் தரையைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, பைலை முடிச்சுட்டாங்க. படம் கிடைச்சிட்டுல்லா. ஆபரேஷனுக்குப் புதுசா ஒரு படம் எடுக்கணும். இந்தப் படத்தைக் குடுக்க மாட்டாங்க, இது மியூசியத்துக்குப் போவுது. புதுப் படத்துக்குப் புதுப் பாரம். நான் நாளைக்கே போட்டுத் தாரேன்."

கூடத்தில் மூன்று வரிசை டாக்டர்கள். கடைசியில் இவர்களுக்கு ஒரு பெஞ்சு. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி விளக்கை அணைத்தார்கள். பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் பாய்ந்து, முன்சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில், ஆள் உயரத்துக்குப் பாக்கியலக்ஷ்மியின் இடுப்பு விழுந்தது. கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. டாக்டர் சிவராமகிருஷ்ணன் கையில் நீண்ட பிரம்போடு முன்னால் வந்தார். விருந்தாளிகளுக்காக இங்கிலீஷில் கொஞ்சம் பேசிவிட்டு, மூலையில் உட்கார்ந்திருந்த பெற்றோருக்கும் புரியட்டும் என்று பெரிய மனது வைத்துத் தமிழுக்கு வந்தார்.

"இந்தப் படத்துல எல்லாம் இருக்கு. குழி இங்கே, தலை அங்கே. ஒரு சந்தேகத்துக்கு இடம் இல்லே. ஆனா எனக்கு மனசு வலிக்கறது. ஏன்னா, ஆரம்பத்துலயே கொண்டு வந்திருந்தா இதுக்கு ஒரு பெல்ட்டு மதி. துணி பெல்ட்டு. நம்ம ஜனங்களுக்குப் போதம் போறாது. கால் ஒடிஞ்சு நொண்டற வரைக்கும் வீட்டுலயே வச்சுண்டிருப்பா. அப்பறம் நம்மகிட்ட வருவா. நாம என்ன பண்ண முடியும்? நல்ல படம் எடுக்கலாம்."

கைதட்டினார்கள். முப்பிடாதி எழுந்து நின்றான். சொல்ல வேண்டியதெல்லாம் அவனிடம் இருந்தது. இருபத்து நாலாம் நாள், மூன்றாவது கால், வளையல், யானை, மை, கமலாக்ஷியின் குடை. எதை முதலில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. எல்லாரும் முன்னால் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்ததால், அவன் எழுந்ததை மரியாதைக்கு எழுந்ததாக நினைத்துப் பக்கத்து வரிசையில் நாலு பேரும் எழுந்தார்கள்.

இதற்கிடையே பாக்கியலக்ஷ்மி தாயின் மடியிலிருந்து நழுவி இறங்கிவிட்டாள். இருட்டில் எந்தக் குழந்தையும் செய்வதைத்தான் செய்தாள். வெளிச்சத்தைப் பார்த்து நடந்தாள். வரிசைகளுக்கு நடுவே, இடதுபக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து, நிமிர்ந்து, கொலுசு ஓசை ஒரு தரம் பலமாகவும் ஒரு தரம் மெதுவாகவும் கேட்க, நேராகத் துணிக்கு முன்னால் போய் நின்றாள். அவள் நிழல் பெரிதாக எழுந்து, குழியையும் தலையையும் சேர்த்து மூடியது. தன் நிழலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, துணியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கும், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கும் நடந்தாள்.

"ஆராவது அந்தக் குழந்தையைத் தூக்குங்கோ," என்றார் டாக்டர் சிவராமகிருஷ்ணன். "படம் மறையறது."

மூன்று வரிசை டாக்டர்களும் குழந்தையைத் தாண்டிப் படத்தைப் பார்ப்பதற்காக, அவள் இடதுபக்கம் போனால் வலதுபக்கமும், வலதுபக்கம் போனால் இடதுபக்கமுமாகச் சாய்ந்து சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பிடாதி போய் மகளைத் தூக்கிக்கொண்டான். படம் மறுபடியும் தெளிவாகத் தெரிந்தது.